தெற்கு இத்தாலிக்கு முதுகுப்பையோடு இருவர்: விசா முதல் கடைசிக் கப்பல் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பாரி நகரத்தின் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மாத்தேரா போகும் ரயிலுக்கென்று தனியாக ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. ஆளுக்குப் பத்துக் கிலோ சுமையோடு நானும் என் தோழியும் அதன் வாசலில் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. எதிர்க்கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொமேனிக்கா" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு துடைப்பத்தால் தெருக்கோடியைக் காட்டினார். தொமேனிக்கா என்றால் ஞாயிறு. அன்று அந்தத் தடத்தில் ரயில் இல்லை. தெருக்கோடியிலிருந்து பஸ் போகும். அந்த பஸ் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

இப்படி நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுடன், முதல் தடவையாக, கோடையில், ஒரு நண்பரோடு சிக்கனமாகப் போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. இடங்களின் வரலாறு இதில் இல்லை. அதைப் போகும் வழியில் விமானத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் பாதியிலோ செப்டம்பரிலோ போக முடிந்தால் வெயில், கூட்டம், வாடகை மூன்றும் குறையும். எங்களுக்கு ஜூலையில்தான் விடுப்புக் கிடைத்தது. சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த ஊர்களில் தெரு, சுவர், படிக்கட்டு எல்லாமே கல். பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை அந்தக் கல் சூட்டைத் திருப்பி வீசுகிறது. நிழலுக்கு ஒரு வேப்பமரம் கிடையாது. ஐரோப்பாவில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பநிலையான 48.8 டிகிரி செல்சியஸ், 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலித் தீவில் சிராகூசாவுக்குப் பக்கத்தில் பதிவானதுதான்.

ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களைக் கட்டாயம் தவிருங்கள். அன்று ஃபெர்ரகோஸ்தோ என்ற விடுமுறை. இத்தாலியர்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குக் கிளம்பும் வாரம் அது. ரயிலில் இடம் இருக்காது, கடலோர ஊர்களில் படுக்கை இருக்காது, நகரத்துக்குள் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

எங்கள் பாதை இது: ரோமில் இறங்கி நேராக நேப்பிள்ஸ் 3 இரவு, பாரி 2, மாத்தேரா 2, சலேர்னோ 3, சிராகூசா 3, பலேர்மோ 3, கடைசி இரவு பலேர்மோவிலிருந்து நேப்பிள்ஸ் வரும் கப்பலில். மொத்தம் 17 இரவுகள். இதுவே கொஞ்சம் ஓட்டம்தான். உங்களிடம் 12 நாட்கள்தான் இருக்கின்றன என்றால் சிசிலியை (சிராகூசா, பலேர்மோ) விட்டுவிடுங்கள், அல்லது பாரியையும் மாத்தேராவையும் விட்டுவிடுங்கள். இரண்டையும் திணித்தால் ரயில் ஜன்னலைத்தான் சுற்றிப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று: அங்கே பலகைகளில் நேப்பிள்ஸ் என்று எங்கும் இருக்காது. நாப்போலி என்றுதான் இருக்கும்.

2. விசா: இருவர் போனாலும் இரண்டு தனி மனுக்கள்

இத்தாலி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். குறைந்தது 15 நாட்கள் முன்பாவது செய்ய வேண்டும். இந்த 15 நாள் கணக்கை நம்பி மோசம் போகாதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாட்கள், தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை அவகாசம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஜூலைப் பயணத்துக்கு மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது.

தேவைப்படும் தாள்கள்: கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கங்கள், ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி. 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. போகவர விமான முன்பதிவு. ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். நாங்கள் ஆறு மாதக் கணக்கு அறிக்கையை வங்கி முத்திரையோடு கொடுத்தோம்.

நாங்கள் மாட்டிக்கொண்டது தங்குமிடச் சான்றில்தான். ஆறு முன்பதிவுகளையும் என் தோழி அவளுடைய அலைபேசியிலிருந்து செய்திருந்தாள். "இரண்டு விருந்தினர்" என்று அச்சாகியிருந்தது. பெயர் அவளுடையது மட்டும். முகப்பில் இருந்த பெண் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆறு விடுதிகளுக்கும் எழுதி இரண்டு பெயரும் போட்ட தாள்களை வாங்கி, மறுபடி நேரம் பெற்றுப் போவதற்குள் பதினொரு நாட்கள் ஓடிவிட்டன. முன்பதிவு செய்யும்போதே இருவர் பெயரையும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல், போடச் சொல்லுங்கள். தகப்பனார் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதில் நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. அதை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

வேறு பொறிகளும் உண்டு. கப்பலிலோ இரவு ரயிலிலோ கழியும் இரவுக்கு அந்த டிக்கெட்டைச் சேர்க்காவிட்டால் கணக்கில் ஓர் இரவு காணாமல் போகும். மனுவுக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெருந்தொகை விழுந்தால் கடன் வாங்கிக் காட்டியதுபோல் தெரியும். வேறு ஷெங்கன் நாட்டையும் சேர்த்துச் சுற்றினால், அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் மனுச் செய்ய வேண்டும்; நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.

விசா வந்ததும் எத்தனை முறை நுழையலாம் என்று பாருங்கள். ஒரு முறைதான் என்றால், பாரி துறைமுகத்திலிருந்து அல்பேனியாவுக்குப் போகும் மலிவான கப்பல் உங்களுக்கு இல்லை. அல்பேனியா ஷெங்கனில் சேராத நாடு. போனால் இத்தாலிக்குள் திரும்ப முடியாது. விடுதியில் சந்தித்த ஒருவர் ஆசை காட்டினார், நாங்களும் டிக்கெட் வாங்கும் கட்டம் வரை போய்விட்டோம்.

3. பை, பணம், மின்செருகி

சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். மாத்தேராவில் எங்கள் அறைக்கு இறங்க 140 படிகள், எண்ணினேன். 40 லிட்டர் முதுகுப்பை போதும். தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஒரு மெல்லிய துணி அதில் இருக்கட்டும். பெரிய தேவாலயங்களில் இல்லாமல் விடமாட்டார்கள். நம் ஊர்த் தடித்த மூன்று முள் செருகி அங்கே நுழையாது. ஐரோப்பிய இரண்டு முள் மாற்றி ஒன்றும், பல துளைகள் உள்ள ஒரு பலகையும் கொண்டுபோனால் இருவருக்கும் ஆகும்.

பணம் எடுக்க வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்த இயந்திரத்தையே தேடுங்கள். திரையில் "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா" என்று கேட்டால் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் கையைச் சுடும்.

இருவருக்கு இடையே கணக்கு வைக்க எங்களுக்கு உதவியது ஓர் உண்டியல் பை. ஆளுக்கு 100 யூரோ போடுவோம். பொதுச் செலவெல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி ஆளுக்கு 100. யார் காபிக்கு யார் கொடுத்தார் என்ற பேச்சே எழவில்லை. விமானம், விசா நீங்கலாக ஆளுக்கு 1,300 யூரோவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டோம். போகிற நேரத்து விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. படுக்கை

பொது அறையில் ஒரு படுக்கை 28 முதல் 42 யூரோ வரை கொடுத்தோம். இருவராகப் போவதில் ஒரு லாபம்: பாரியிலும் சிராகூசாவிலும் வீட்டில் ஒரு தனி அறை, இரண்டு படுக்கைகளின் விலைக்கே கிடைத்தது. மின்விசிறியா குளிர்சாதனமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் குளிர்சாதனத்துக்குத் தனிக் கட்டணம்.

பல ஊர்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி உண்டு. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேராது. ரொக்கமாகக் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி விவரம் குறித்துக்கொள்வார்கள். காவல்துறைக்குத் தெரிவிக்கச் சட்டப்படி அது அவர்கள் கடமை. பதற வேண்டாம், ஆனால் குறித்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ரயில்: இங்கேதான் பணமும் பொறுமையும் போகும்

அரசு ரயில்களில் இரண்டு வகையை மட்டும் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும். வேக ரயில்களுக்கும் தொலைதூர ரயில்களுக்கும் முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு வேக ரயிலில் சுமார் 70 நிமிடம். ஒரு மாதம் முன்பு வாங்கியவருக்கும் அன்று காலையில் வாங்கியவருக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர் ரயில்களுக்கு விலை தூரத்தைப் பொறுத்தது, என்றும் ஒன்றே. அவற்றுக்கு முன்பதிவு செய்து நாளைப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் நுழைத்து நேர முத்திரை குத்திய பிறகே ஏற வேண்டும். அலைபேசியில் வாங்கியிருந்தால், ஏறுவதற்கு முன் அதில் "செக்-இன்" அழுத்த வேண்டும். நான் குத்தாமல் ஏறினேன். பரிசோதகர் மிக மரியாதையாகப் பேசி, மிக மரியாதையாக அபராதம் வாங்கிக்கொண்டு போனார். வெளிநாட்டார், தெரியாது என்ற கதையெல்லாம் அவர் நாளுக்குப் பத்து முறை கேட்பவர்.

மாத்தேரா ரயில் அரசு ரயிலோடு சேராத தனி நிறுவனத்தினுடையது. டிக்கெட்டும் தனி. ஞாயிற்றுக்கும் பொது விடுமுறைக்கும் அதன் அட்டவணையைத் தனியே பாருங்கள். வாரநாளில் ஏறினாலும் ஒரு விஷயம்: சில ரயில்கள் அல்தமூரா நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மாத்தேராவுக்கும் மறு பாதி வேறு ஊருக்கும் போகும். எந்தப் பெட்டி என்று ஏறும்போதே "மாத்தேரா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அல்பெரொபெல்லோவின் கூம்புக்கூரை வீடுகளைப் பார்க்கப் போகும் தடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைத் தனியே பாருங்கள். ஞாயிறு உங்கள் திட்டத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அன்றைக்கு ஊர் மாறாமல் இருப்பதே உத்தமம்.

பிறகு சியோப்பெரோ. வேலைநிறுத்தம் என்று பொருள். நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பட்டியல் இருக்கும். வேலைநிறுத்தம் வாரநாளில் வந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச உள்ளூர் ரயில்கள் ஓடும். அந்த நேரத்தில் கிளம்பிவிடுங்கள்.

நகரப் பேருந்துக்கு டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய "T" எழுத்துப் பலகை மாட்டிய தபாக்கி எனப்படும் புகையிலைக் கடைகளில் கிடைக்கும். அவையும் மதியம் பூட்டப்படும் என்பதால் காலையிலேயே நான்கைந்து வாங்கி வையுங்கள்.

6. பொம்பேயி

எரிமலைச் சாம்பலில் புதைந்து தோண்டியெடுக்கப்பட்ட பழைய ரோமானிய நகரம் இது. நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சொரெந்தோ போகும் சிர்கும்வெசுவியானா ரயிலில் ஏறி, "பொம்பேயி ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தேரி" என்ற நிலையத்தில் இறங்குங்கள். சுமார் 35 நிமிடம். பொம்பேயி என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு. அவை புது ஊருக்குள் விடும், அங்கிருந்து வெயிலில் நடக்க வேண்டும். ரயிலில் நெரிசல் அதிகம், பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். இருவர் பெயரும் தனித்தனியாக வேண்டும், விசா முகப்பில் பட்டது இங்கே உதவியது. பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள்; வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பது உண்மை. அந்தக் கூட்டத்தில் நிற்பதற்குக் காசு கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே போய், பன்னிரண்டுக்குள் வெளியே வாருங்கள்.

7. அமால்ஃபி கடற்கரைக்கு சலேர்னோவில் தங்குங்கள்

அந்தக் கடற்கரையில் உள்ள பொசித்தானோ ஊரில் ஓர் இரவுக்குக் கேட்ட வாடகையில் சலேர்னோவில் மூன்று இரவும் தங்கிச் சாப்பிட்டும் மிச்சம் இருந்தது. சலேர்னோ துறைமுகத்திலிருந்து அமால்ஃபிக்குப் படகில் 35 நிமிடம். பஸ்ஸும் உண்டு, மலிவு. ஆனால் கோடையில் நிரம்பி வழிந்து நிற்காமலே போகும். போகும்போது முதல் படகு, திரும்பவும் படகு என்று வைத்துக்கொண்டால் கொண்டைஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குளிக்க "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்று கேளுங்கள், இலவசக் கடற்கரை. குடையும் சாய்வு நாற்காலியும் வரிசையாகப் போட்டிருந்தால் அது கட்டணப் பகுதி.

8. சாப்பாடு: நேரமும் கேள்வியும்

மதியம் ஒன்றிலிருந்து நான்கரை வரை கடைகள் பூட்டு. இரவு உணவகம் ஏழரைக்கு முன் திறக்காது. ஆறு மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் கதி. பகல் பன்னிரண்டுக்கே பழமும் ரொட்டியும் வாங்கி வைக்கும் பழக்கம் எங்களுக்கு நான்காம் நாள் வந்தது. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். உட்கார்ந்தால் விலை ஏறும். பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டைக் கொண்டுபோய் மேடையில் கொடுக்க வேண்டும். உணவகப் பில்லில் "கொப்பெர்தோ" என்று ஆளுக்கு ஒன்று முதல் மூன்று யூரோ இருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

என் தோழி சைவம். தெற்கு அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டது. பாரிப் பக்கம் அவரைவகைப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையோடு தரும் ஃபாவே எ சிக்கோரியா. சிசிலியில் கத்தரிக்காய் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா. மரினாரா பீட்சா என்ற பெயரில் கடல் இருந்தாலும் மீன் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும். மறைந்திருப்பவை வேறு: கீரையில் கரைந்துபோன நெத்திலி, மாவுப் பண்டங்களில் பன்றிக் கொழுப்பு. "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ஸ்த்ருத்தோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு வேண்டாம்.

பலேர்மோவின் பல்லாரோ சந்தையில் பனெல்லே கடை முன் அவள் நின்ற நிற்பை நான் மறக்கவில்லை. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களிபோலக் கிண்டி, மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, சதுரமாக வெட்டி எண்ணெயில் போடுகிறார்கள். உப்பி வந்ததும் எள் தூவிய பன்னுக்குள் அடுக்கி, எலுமிச்சையைப் பிழிந்து நீட்டுகிறார்கள். "பஜ்ஜிக்குள் வைக்க வாழைக்காயை மறந்துவிட்டார்கள்" என்றாள். மூன்று நாளும் மதிய உணவு அதுதான்.

9. சிசிலிக்குப் போவதும் திரும்புவதும்

சலேர்னோவிலிருந்து சிராகூசாவுக்கு நேர் ரயில் எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளி, ஜலசந்தியைக் கடந்து மெஸ்ஸீனாவில் மறுபடி கோக்கிறார்கள். நீங்கள் இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம். போகும் முன் உங்கள் பெட்டி எண்ணையும், கப்பலில் எந்தப் படிக்கட்டில் ஏறினீர்கள் என்பதையும் அலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கீழே வந்தால் எல்லாத் தண்டவாளமும் ஒன்றுபோலத் தெரியும். சிராகூசாவிலிருந்து கதானியா வந்தால், அங்கிருந்து பலேர்மோவுக்கு பஸ்ஸே சௌகரியம், மூன்று மணி நேரத்துக்குள்.

பொருள் தொலைந்தால் காராபினியெரி எனப்படும் போலீஸ் நிலையத்தில் "தெனூன்சியா" என்ற புகார்த்தாள் எழுதி வாங்குங்கள். காப்பீட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. அவசர எண் 112. பாஸ்போர்ட்டே போனால் ரோமிலுள்ள இந்தியத் தூதரகம்தான். இருவரின் பாஸ்போர்ட், விசாப் பக்க நகல்களையும் இருவருமே வைத்திருங்கள்.

கடைசி இரவுக் கப்பல் பலேர்மோவில் மாலை எட்டு மணி வாக்கில் கிளம்பி, விடிந்ததும் நேப்பிள்ஸ் சேரும். ஓர் இரவு வாடகை மிச்சம். மலிவான இருக்கை டிக்கெட் எடுத்தால் கூடத்தில் குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். போர்வையாக ஒரு வேட்டியோ துப்பட்டாவோ பையின் மேலாக இருக்கட்டும். குடிநீரும் ரொட்டியும் கரையிலேயே வாங்குங்கள், கப்பலில் விலை அதிகம். காலையில் துறைமுகத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே அரை மணி நேரத்தில் போய்விடலாம். கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாவது சாதாரணம் என்பதால், ரோம் போகும் ரயிலுக்குப் பத்து மணிக்கு முந்தைய டிக்கெட் எடுக்காதீர்கள். விமானத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.